அய்வாரைச் சலித்த மாப்பிள்ளை

ஸ்லாதினாவில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய முதல் ஆள் வுகாஷின். இரண்டாவது ஆள் இன்னும் வரவில்லை. அதனால் அந்த ஊரில் 'பட்டதாரி' என்றாலே போதும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. நிஷ் நகரத்தில் பொருளாதாரம் படித்து முடித்துவிட்டு அவன் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்றைக்கே அவன் அப்பா அந்தப் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டு, கூடத்துச் சுவரில் குலப் புனிதரின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். கொஞ்சம் மேலே மாட்டலாமா என்றுகூட அவருக்கு ஒரு யோசனை இருந்தது. பாதிரியார் வந்துபோகிற வீடு என்பதால் சமமாக மாட்டியதோடு நிறுத்திக்கொண்டார்.

வுகாஷினுக்கு வேலை லெஸ்கொவாட்ஸ் சுங்கத் திடலில். லாரிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தின் ஓரமாக, ஒரு பழைய கன்டெய்னருக்கு ஜன்னல் வெட்டிப் போட்ட ஆபீஸ். கிளியரிங் ஏஜென்ட் என்று கதவில் எழுதியிருக்கும். எல்லை தாண்டுகிற எந்தச் சரக்குக்கும் உலகம் முழுக்க ஒரே மாதிரி ஒரு எண் உண்டு. அந்த எண்ணைக் கண்டுபிடித்துத் தாளில் ஏற்றுவதுதான் அவன் பிழைப்பு. அந்த எண்கள் இருக்கிற புத்தகம் உயிருள்ள குதிரையில் ஆரம்பித்து, நூறு வயது கடந்த பழம்பொருளில் முடிகிறது. நடுவில் எழுபத்தேழாம் அத்தியாயம் மட்டும் காலி. இனிமேல் வரப்போகிற எதற்கோ என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இதை ஒருநாள் சாராயக்கடையில் அவன் வாய்தவறிச் சொல்லிவைக்க, அன்றிலிருந்து ஊரில் வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவனுக்கெல்லாம் 'எழுபத்தேழு' என்று பெயர் விழுந்துவிட்டது.

ஆபீஸ் வேலையை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருகிற பழக்கம் வுகாஷினுக்கு இல்லை. அதுதான் அவனுடைய ஒரே கோளாறு. பக்கத்து வீட்டு முற்றத்தில் இன்ஜினைக் கழற்றி விற்றுவிட்ட ஒரு யுகோ கார் கிடந்தது. கோழிகள் அதற்குள் முட்டையிடும். "இந்தப் பழைய இரும்ப எப்பத்தான் தூக்குவானோ" என்று அப்பா சொன்னால், "இரும்பு இல்லப்பா, கார். இன்ஜின் இல்லாட்டியும் காரோட அடிப்படைக் குணம் அதுல இருக்கு. சட்டப்படி முழுக் கார்தான்" என்பான். சளி பிடித்தவருக்கு அம்மா புதினாத் தேநீர் போட்டுக் கொடுத்தால், "இது தேநீர் இல்லம்மா, மருந்துச் செடி" என்பான். குடிக்கிறவர் பாதியில் நிறுத்திவிட்டு டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பார்.

நெவேனாவையும் அவன் இப்படித்தான் இழக்க இருந்தான். அவள் லெஸ்கொவாட்ஸில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். பார்வை கூர்மை, நாக்கு அதைவிட. அவள் பிறந்தநாளுக்கு வெள்ளைச் சாக்லேட் வாங்கிக்கொண்டு போனான். அவள் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிய நேரம் பார்த்து, "ஒண்ணு தெரியுமா, இது சட்டப்படி சாக்லேட்டே கிடையாது. சர்க்கரை மிட்டாய்" என்றான்.

நெவேனா கண்ணைத் திறந்தாள். "நீ என்னைக் காதலிக்கிறியா, வகை பிரிக்கிறியா?"

"உண்மையத்தான சொன்னேன்."

"வாயில போட்டதுக்கு அப்புறம் சொல்ற உண்மைய வெச்சு நான் என்னடா பண்ண?"

ஆனாலும் அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. மருந்துக்கடையில் நாள் முழுக்க மாத்திரையைப் பற்றி மழுப்பிப் பேசுகிற ஆட்களைப் பார்த்துச் சலித்தவள் அவள். மழுப்பத் தெரியாத ஒருத்தன் வீட்டில் இருந்தால் என்ன என்று தோன்றியிருக்கலாம்.

நெவேனாவின் அம்மா பெர்சிடா. ஸ்லாதினா பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி. அந்தச் சங்கம் செய்வது அய்வார். செப்டம்பர் பிறந்தால் ஊர் முழுக்க ஒரே வாசனைதான்: முற்றத்து அடுப்புத் தகட்டில் சிவப்பு மிளகாய் தோல் கருகுகிற வாசனை. காரமில்லாத, உள்ளங்கை நீளமுள்ள மிளகாய். அதைச் சுட்டு, தோலை உரித்து, அரைத்து, எண்ணெய் விட்டு, துடுப்பு மாதிரிக் கரண்டியால் கைவலிக்கக் கிண்டி, பாட்டிலில் அடைத்தால் அய்வார்.

பெர்சிடாவின் அய்வார் பட்டு. ரொட்டியில் தடவினால் கத்தியின் முகம் அதில் தெரியும் என்பார்கள். தன் அய்வாரில் ஒரு கட்டியோ, ஒரு விதையோ, ஒரு துணுக்குத் தோலோ கண்டுபிடிக்கிறவருக்கு ஓர் ஆட்டுக்குட்டி தருவதாக அவள் எந்தக் காலத்திலோ அறிவித்தாள். வாங்க ஆள் வராமல் அந்தக் குட்டி கொட்டிலிலேயே வளர்ந்து கிழ ஆடாகி, பேரன் பேத்தி பார்த்துவிட்டது.

சங்கத்தின் துணைத்தலைவி ராதுன்கா அதற்கு நேர்மாறு. அரைக்கிற மெஷினைத் தொடமாட்டாள். மிளகாயைப் பலகையில் வைத்துக் கத்தியால் கொத்துவாள். அவள் அய்வாரில் மிளகாய் மிளகாயாகவே இருக்கும்.

"ராதுன்கா அய்வார் திங்கணும்னா முதல்ல பல் டாக்டரைப் பாத்துட்டு வரணும்" என்பாள் பெர்சிடா.

"பல்லு இருக்கிறவங்களுக்குத்தான் நான் செய்யறேன். இல்லாதவங்களுக்கு நீ இருக்கியே" என்பாள் ராதுன்கா.

இந்த நிலையில்தான் சங்கத்துக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்தது. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்தில் இந்தப் பக்கத்திலிருந்து போன ஆள் ஒருவர் கடை வைத்திருக்கிறார். ஒரு லாரி அய்வார் கேட்டிருந்தார். பாதி பெர்சிடாவின் கையால் ஆனது, மீதி ராதுன்காவும் அவள் கூட்டாளிகளும் செய்தது. வுகாஷினுக்கும் நெவேனாவுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பெர்சிடா கணக்காகச் சொல்லிவிட்டாள்: "லாரி கிளம்பட்டும். அப்புறம் கல்யாணம். ஒரு நேரத்துல ஒரு தலைவலி போதும். மண்டபத்துக்காரன்கிட்ட மட்டும் மாசத்தச் சொல்லி வெச்சிருக்கேன். மாப்பிள்ளையே கிளியரிங் ஏஜென்ட்டா இருக்கும்போது தாள் வேலைக்கு வெளியாள் எதுக்கு?"

வுகாஷினுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. படித்த படிப்பு ஊருக்கு உபயோகப்படப்போகிறது. புத்தகத்தைத் திறந்தான். திறந்த அரைமணியில் நிமிர்ந்த நெஞ்சு பழையபடி உள்ளே போனது.

அய்வார் என்று அந்தப் புத்தகத்தில் எதுவும் இல்லை. இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று, பக்குவம் செய்த காய்கறி. இன்னொன்று, சாஸ். கிராட்ஸில் சரக்கை இறக்கப்போகிற ஏஜென்ட் ஒரு வரி எழுதியிருந்தார்: "எங்கள் பக்கத்தில் இதைச் சாஸ் என்பார்கள் என்று நினைக்கிறேன். சரிபார்த்துக்கொள்ளவும்."

வுகாஷின் எழுந்து சுங்க அதிகாரியிடம் போனான். அவர் பெயர் யுகோஸ்லாவ். அந்தப் பெயரில் ஒரு நாடு இருந்த காலத்தில் பிறந்தவர். அப்பா ஆசைப்பட்டு நாட்டின் பெயரையே வைத்துவிட்டார். நாடு துண்டு துண்டாகப் போய்விட்டது. இவர் மட்டும் முழுசாக, ஓய்வூதியத்துக்குக் காத்துக்கொண்டு, காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"யுகோஸ்லாவ் அண்ணே, அய்வார் காய்கறியா, சாஸா?"

"அய்வார் அய்வார்டா."

"அப்படி ஒரு எண் இல்லண்ணே."

"அதனாலதான் உலகம் இப்படி இருக்கு. உட்காரு, காப்பி குடி."

வுகாஷின் உட்காரவில்லை. "விதி தெளிவா இருக்குண்ணே. லேப்ல அஞ்சு மில்லிமீட்டர் ஓட்டை போட்ட சல்லடையில கொட்டி, தண்ணி விட்டுக் கழுவுவாங்க. நூத்துக்கு எண்பது பங்கு கீழ இறங்கிட்டா சாஸ். மேல தங்கிட்டா காய்கறி."

யுகோஸ்லாவ் கோப்பையைக் கீழே வைத்தார். "அய்வாரத் தண்ணில கழுவுறாங்களா?"

"ஆமாண்ணே. இருபது டிகிரித் தண்ணி."

அவர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "வெந்நீரும் இல்லாம, பச்சத்தண்ணியும் இல்லாம. எவனோ பசியே தெரியாத பய எழுதியிருக்கான். இங்க பாரு தம்பி, நான் சொல்றதக் கேளு. காய்கறின்னு எழுது. நான் முத்திரை குத்தறேன். நீ போய்க் கல்யாணம் பண்ணிக்கோ."

"அங்க லேப்ல மாத்திச் சொல்லிட்டா லாரி கிடங்குலயே நிக்கும்ணே. முதல் சரக்கு. கடைக்காரர் மறுபடி கேக்கவே மாட்டாரு."

"அப்ப சாஸ்னு எழுது."

"பெர்சிடா அத்தை..."

"ஆமா," என்று யுகோஸ்லாவ் ஒப்புக்கொண்டார். "அது லேப்பவிட மோசம்."

அன்று சாயங்காலம் வுகாஷின் பெர்சிடாவின் வீட்டுக்குப் போனான். முற்றத்தில் சங்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோல் உரித்துக்கொண்டிருந்தார்கள். பத்து விரலும் சிவப்பு. பெர்சிடா கொப்பரைக்கு முன்னால் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயம்னா கையில ஒரு மிளகாய எடுத்துக்க. உரிச்சுக்கிட்டே சொல்லு."

வுகாஷின் உரித்தான். சூடு. விரலை ஊதிக்கொண்டே, முடிந்தவரை பணிவாக, விதி என்ன, சல்லடை என்ன, கிராட்ஸ்காரர் என்ன எழுதினார் என்று சொன்னான். 'சாஸ்' என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததும் முற்றத்தில் இருந்த அத்தனை கைகளும் நின்றன. கொப்பரை மட்டும் குமிழி விட்டது.

"என்ன சொன்ன?" என்றாள் பெர்சிடா.

"சாஸ்... இருக்கலாம்னு."

"சாஸ்னா என்ன தெரியுமா மாப்ள? பஸ் ஸ்டாண்டு கடையில பிளாஸ்டிக் பாட்டிலக் கவுத்துப் பிடிச்சு, பின்னாடி ஒரு தட்டு தட்டினா அசிங்கமா ஒரு சத்தம் போட்டுக்கிட்டு வருமே, அது சாஸ். என் அய்வார் எப்பவாவது சத்தம் போட்டுக் கேட்டிருக்கியா?"

"இல்லத்தை."

"விடியக் காலைல எந்திரிச்சு நின்ன கால்லயே நின்னு கிண்டறேன். இந்தத் தோள்பட்டையப் பாரு, ஒண்ணு மேல ஒண்ணு கீழ. சாஸுக்காகவா எனக்குத் தோள் இறங்குச்சு?"

ராதுன்காவுக்கும் பொறுக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் தலைவியும் துணைத்தலைவியும் ஒரே கட்சி. "எங்க சங்கத்துக்குப் பேரு அய்வார்ச் சங்கம். சாஸ்ச் சங்கம்னு போர்டு மாட்டினா என் புருஷன் என்னை வீட்டுக்குள்ள சேக்கமாட்டான்."

பெர்சிடா துடுப்பைக் கொப்பரையில் நட்டுவிட்டுத் திரும்பினாள். "கேட்டுக்கோ மாப்ள. எல்லார் முன்னாடியும் சொல்றேன். அரசாங்கத் தாள்ல என் அய்வாரச் சாஸ்னு எழுதறவனுக்கு என் பொண்ணு கிடையாது. காய்கறின்னு எழுதிட்டு வா, தேதி பாப்போம்."

நெவேனா படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாசல்வரை வந்து வழியனுப்பும்போது மெதுவாகக் கேட்டாள்: "உண்மையிலயே அது என்ன?"

"கழுவிப் பாத்தாத்தான் தெரியும்."

"அப்பக் கழுவிப் பாரு. ஆனா யாருக்கும் தெரியாமக் கழுவு."

வுகாஷின் கோதுமை சலிக்கிற சல்லடை ஒன்று வாங்கினான். அளவுகோல் வைத்து ஓட்டையை அளந்தான். மருந்துக்கடையில் ஒரு தெர்மாமீட்டர் கேட்டான். "யாருக்குக் காய்ச்சல்?" என்றாள் நெவேனா. "தண்ணிக்கு" என்றான் அவன். அம்மா கோழிக்குத் தீனி போடப் போயிருந்த நேரம், சமையலறைத் தொட்டியில் சல்லடையை வைத்து, பெர்சிடா கொடுத்துவிட்டிருந்த அய்வார்ப் பாட்டிலைத் திறந்து, கரண்டியால் எடுத்துப் போட்டு, குழாயைத் திறந்தான்.

அம்மா முட்டையோடு உள்ளே வந்தாள்.

பிள்ளை திருடினால்கூட ஒரு தாய் மூடி மறைப்பாள். ஆனால் அய்வாரைக் குழாயடியில் கழுவிச் சாக்கடையில் விடுகிற பிள்ளையை எந்தத் தாயால் மறைக்க முடியும்? முட்டையை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு அவள் வேலியோரமாகப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் அழுதாள். "படிச்சுப் படிச்சு மூளை கலங்கிப்போச்சு. உள்ள நிக்கிறான். அய்வாரக் குளிப்பாட்டிக்கிட்டு."

வுகாஷின் சல்லடையைத் துடைத்து வைப்பதற்குள் செய்தி பெர்சிடாவின் வீட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து ஜனங்கள் கலைகிற நேரத்துக்கு பெர்சிடா, கறுப்புக் கோட்டோடும் கையில் ஒரு பாட்டிலோடும், வுகாஷின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றாள். பின்னாலேயே சங்கம். ராதுன்கா கையிலும் ஒரு பாட்டில்.

"திருட்டுத்தனமா என்னத்துக்குக் கழுவற? எல்லார் முன்னாடியும் கழுவு," என்றாள் பெர்சிடா. "என் அய்வார் ஒரு சொட்டு கீழ விழாது. பாத்துட்டுக் காய்கறின்னு எழுது."

"அத்தை, வேண்டாமே."

"ஏன்? பயமா?"

வுகாஷினுக்கு உண்மையாகவே பயம்தான். சமையலறையில் அவன் பார்க்கவேண்டியதைப் பார்த்துவிட்டிருந்தான். ஆனால் முற்றம் நிறைய ஆட்கள். சாராயக்கடையிலிருந்து எழுபத்தேழுகள்கூட வந்து வேலியில் சாய்ந்து நின்றார்கள். அவன் சல்லடையை ஒரு வாளிமேல் வைத்தான். தண்ணீருக்குள் தெர்மாமீட்டரை விட்டான்.

"தண்ணிக்கு ஜுரம் பாக்கறான்" என்றது வேலி.

முதலில் ராதுன்காவின் அய்வார். அவன் தண்ணீரை ஊற்ற ஊற்ற, எண்ணெய் போனது, கொஞ்சம் சிவப்பு போனது. மிளகாய்த் துண்டுகள் சல்லடையில் குவியலாக, கழுவிய கூழாங்கல் மாதிரிப் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ராதுன்கா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஒரு ஒளி.

"என்னுது?"

"காய்கறி, பெரியம்மா."

"சத்தமாச் சொல்லு, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அடுத்து பெர்சிடாவின் பாட்டில். வுகாஷின் நிதானமாக எடுத்துப் போட்டான். பட்டு மாதிரி வந்து விழுந்தது. தண்ணீர் பட்டது. அவ்வளவுதான், ஒரு பிடி பனியில் வெயில் பட்ட மாதிரி அது மெல்ல நெகிழ்ந்து, வழுக்கி, சத்தமே இல்லாமல் வாளிக்குள் இறங்கிப் போனது. சல்லடையில் மிச்சம் இருந்தது ஈரம் மட்டும்.

இத்தனை வருஷமாக ஆட்டுக்குட்டியைக் காப்பாற்றிக் கொடுத்த அதே வழவழப்பு இன்றைக்குக் கழுத்தை அறுத்துவிட்டது.

பெர்சிடா வாளியைப் பார்த்தாள். சல்லடையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு வுகாஷினைப் பார்த்தாள். "சொல்லு."

அந்த இடத்தில் சல்லடை சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். தண்ணீர் இருபத்தோரு டிகிரி என்று சொல்லியிருக்கலாம். அப்பா அவனுக்குப் பின்னால் நின்று இரண்டுதரம் இருமிக்கூடக் காட்டினார். வுகாஷின் நெவேனாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாஸ், அத்தை" என்றான்.

பெர்சிடா சல்லடையைக் கீழே வைத்தாள். கோட்டுப் பொத்தானைப் போட்டாள். "நெவேனா, வா வீட்டுக்கு. மண்டபத்துக்காரனுக்குப் போன் பண்ணி, வேற யாருக்காவது வேணும்னா குடுத்துக்கச் சொல்லு."

அந்த வாரம் வுகாஷின் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா அவன் தட்டில் ரொட்டியை வைத்துவிட்டு, "ஒரு எண்ணுதானேடா" என்பாள். அப்பா கூடத்தில் பட்டத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அதையே பார்ப்பார்.

"நாலு வருஷம்," என்றார் ஒருநாள். "நாலு வருஷத்துல ஒரு பொய் சொல்றதுக்கு ஒரு பாடம்கூடவா அங்க நடத்தல?"

"அது வேற படிப்புப்பா. சட்டக் கல்லூரி."

"எடம் மாறிச் சேந்துட்டியே" என்று பெருமூச்சு விட்டார்.

ராதுன்காவோ கடைத்தெருவில் நடக்கவில்லை, மிதந்தாள். ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றால்கூட, "தள்ளிக்கம்மா, காய்கறி வருது" என்று தானே சொல்லிக்கொண்டு சிரித்தாள். பெர்சிடா அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள். ரொட்டியை வீட்டில் சுட ஆரம்பித்தாள். லாரி கிளம்பவேண்டிய நாள் நெருங்கியது. தலைவியின் கையெழுத்து இல்லாமல் தாள் நகராது. தலைவியோ பேனாவைத் தொடமாட்டேன் என்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வுகாஷினின் போன் அடித்தது. நெவேனா. குரல் ஆபீஸ் குரல்.

"அந்தச் சட்டப் புத்தகம் கையில இருக்கா?"

"இருக்கு. நெவேனா, நான்..."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நான் அடுப்படியில இருக்கேன். இங்க வேற ஒருத்தரும் பாத்திரம் கழுவிக்கிட்டிருக்காங்க. நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் கருத்து எதுவும் வேண்டாம். புரியுதா?"

"புரியுது."

"சாஸ்னா என்னன்னு அதுல என்ன போட்டிருக்கு? நிதானமாப் படி."

வுகாஷின் படித்தான். சட்டத்தைப் படிக்கும்போது அவனுக்கு ஒரு தனிக் குரல் வரும், சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரல். "கண்ணுக்குப் புலப்படும் துண்டுகள் அநேகமாக இல்லாததாய்..."

போனில் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் நின்றது.

"என்னது?" என்றது தூரத்துக் குரல். "திரும்பப் படிக்கச் சொல்லு."

"கண்ணுக்குப் புலப்படும் துண்டுகள் அநேகமாக இல்லாததாய் இருக்கவேண்டும்."

"இத யாரு எழுதினது?" குரல் கிட்டே வந்துவிட்டது.

"பிரஸ்ஸல்ஸ்ல, அத்தை."

"பொம்பளையா?"

"பேரு போடல."

"பொம்பளையாத்தான் இருக்கும். ஆம்பளைக்கு எங்க துண்டு கண்ணுக்குத் தெரியுது." அடுப்பைத் தணிக்கிற சத்தம் கேட்டது. "அப்ப துண்டு இருந்தா?"

"துண்டு இருந்தா காய்கறி."

"அதாவது, சரியா அரைக்காம விட்டா."

வுகாஷின் வாயைத் திறந்தான். அரைப்பதில் சரி தப்பு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை என்று சொல்ல வந்தான். "உன் கருத்து வேண்டாம்னு சொன்னேன்" என்றாள் நெவேனா, அவன் மூச்சு இழுத்த சத்தத்திலேயே. அவன் வாயை மூடினான். அவன் வாழ்க்கையில் வேண்டுமென்றே வாயை மூடியது அதுதான் முதல்தடவையாக இருக்கும்.

"பாத்தியா நெவேனா," என்று பெர்சிடாவின் குரல் மெல்ல மெல்ல உயர்ந்தது. "அத்தனை தூரத்துல உக்காந்துக்கிட்டு, என் கொப்பரையக் கண்ணாலகூடப் பாக்காம, ஐரோப்பாவே சொல்லுது. துண்டே இல்லன்னு. இத நான் இந்த ஊர்ல எத்தனை வருஷமாச் சொல்றேன். ஒருத்தி நம்பினாளா? மிளகாயக் கொத்திப் போட்டுட்டு விட்டா அது காய்கறிதான். காய்கறியாத்தான் செடியில பறிச்சோம், காய்கறியாவேதான் பாட்டிலுக்குப் போகுது. நடுவுல அவ என்னத்தப் பண்ணினா?"

மறுநாள் காலை கன்டெய்னர் ஆபீஸ் கதவு தட்டாமல் திறந்தது. பெர்சிடா கறுப்புக் கோட்டில் வந்து உட்கார்ந்தாள். பேனாவைத் தானே எடுத்துக்கொண்டாள்.

"என் பாட்டிலுக்கு ஒரு வரி, ராதுன்கா பாட்டிலுக்கு ஒரு வரி. ரெண்டும் கலக்கக்கூடாது. என் வரியில சாஸ்னு பெரிசா எழுது."

"கம்ப்யூட்டர்ல எல்லா எழுத்தும் ஒரே அளவுதான், அத்தை."

"அப்ப அவளோடதச் சின்னதா எழுது."

யுகோஸ்லாவ் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். ஒரு லாரி, ஒரு ஊர், ஒரே மிளகாய், இரண்டு சரக்கு. "ஒரே வீடா இருந்தத ரெண்டாப் பிரிச்சுட்டீங்க," என்றார். "எனக்கு இது பழக்கம்தான்." முத்திரை விழுந்தது. லாரி திடலை விட்டு வெளியே போய்த் திரும்பி, நெடுஞ்சாலையில் ஏறியது. லாரி மறைந்ததும் பெர்சிடா, வுகாஷினைப் பார்க்காமல், கைப்பையை மூடிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவக் கூட்டிக்கிட்டு வா. தேதி பேசணும். மண்டபத்துக்காரன் வேற யாருக்கும் குடுக்கல, விசாரிச்சுட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பெர்சிடாவின் முற்றத்தில் மேஜை போட்டார்கள். பொரித்த ரொட்டி, வெண்ணெய், சுட்ட மிளகாய், வறுத்த இறைச்சி, அப்பாவுக்குப் பிளம் சாராயம். தேதி பேசி முடிவாகி, கிராட்ஸிலிருந்து சரக்கு லேப்பைத் தாண்டிவிட்டதாகவும் கடைக்காரர் இன்னும் ஒரு லாரி கேட்பதாகவும் சேதி வந்து, எல்லாரும் கோப்பையைத் தூக்கிய நேரத்தில் வாசலில் ராதுன்கா வந்து நின்றாள். கண்கள் சிவந்திருந்தன.

"ஊரெல்லாம் சிரிக்குது," என்றாள். "போன வாரம் காய்கறின்னா உசத்தின்னீங்க. இந்த வாரம் சாஸ்னா உசத்தியா? ரொட்டிக்கடைல என்னப் பாத்து, 'அரைக்கத் தெரியாதவ வர்றா'ங்கறாங்க. பட்டதாரி, எனக்கும் சாஸ்னு போடு."

"துண்டு இருக்கே, பெரியம்மா."

பெர்சிடா பெருந்தன்மையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஜெயித்தவள் கை எப்போதும் தாராளம். "உக்காரு ராதுன்கா. அழாத. சாப்பிடு. அரைக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, நான் சொல்லித் தர்றேன்."

"நீ ஒண்ணும் சொல்லித் தரவேண்டாம்." ராதுன்கா உட்கார்ந்தாள். அப்பா நீட்டிய சாராயத்தை ஒரே மடக்கில் குடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் நானும் ஒரு மெஷின் வாங்கறேன். ஜெர்மனிலேர்ந்து என் மச்சான்கிட்டச் சொல்லி. அப்பத் தெரியும் யாரு சாஸுன்னு."

மேஜையில் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். சண்டை அடங்கியது. அம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள். வுகாஷின் முன்னால் சாய்ந்தான்.

"கையால சுத்தறதா, கரண்டுல ஓடறதா, பெரியம்மா?"

"எதுக்குக் கேக்கற?"

"இல்ல, ரெண்டுக்கும் வேற வேற அத்தியாயம். கையால சுத்தறதா இருந்து, எடையும் பத்து கிலோவுக்குள்ள இருந்தா..."

நெவேனா தட்டிலிருந்து ஒரு சுட்ட மிளகாயை எடுத்து, காம்பைப் பிடித்துக்கொண்டு, முழுசாக அவன் வாயில் வைத்தாள்.